கிருஷ்ணகிரிப் பக்கம் குடிபோகலாமா? தண்ணீரைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கு

தகடூரான்:
நேற்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஆறு வயதுப் பெண் குழந்தை, வயதான அம்மா, வாடகை கட்டி மாளவில்லை, கிருஷ்ணகிரி அல்லது தருமபுரியில் வீடு பார்க்கலாமா என்று. அதற்கு ஓசூர்வாசி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்: "அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் பிள்ளைக்குப் பல் காவியேறும், ஓசூரோடு நின்றுகொள்ளுங்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இன்னும் எத்தனை வருடத்துக்கு தருமபுரிக்காரர்களான எங்களைப் பல்லை வைத்தே அடையாளம் சொல்வீர்கள்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே வந்தாயிற்று. ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய். நிலத்தடி நீரில் கலந்து பல்லைக் காவியாக்கும் ஃபுளோரைடு உப்பின் பாதிப்பைக் குறைக்கவென்றே கொண்டுவந்த திட்டம். குழாயில் வருவது காவிரி ஐயா, காவிரி!

ஓசூர்வாசி:
காவிரி வருகிறது, சரி. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? மற்ற நாளில் போர்வெல் தண்ணீர்தானே? பாறையிலிருந்து ஊறுகிற ஃபுளோரைடு 2013-ல் திறப்பு விழாவைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்விட்டதா? நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

தகடூரான்:
"எத்தனை நாளுக்கு ஒருமுறை" என்று கேட்கிறவருக்கு ஒரு செய்தி. உங்கள் ஓசூருக்கும் அதே ஒகேனக்கல் தண்ணீர்தான் வருகிறது. ஒரே ஆறு, ஒரே திட்டம். ஓசூருக்கு வந்தால் தீர்த்தம், தருமபுரிக்கு வந்தால் விஷமா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
நான் பாலக்கோடு பக்கம் பிறந்தவள், இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். என் பல்லில் அந்தக் காவி இருக்கிறது. கல்யாண போட்டோவில் ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. அதனால் இதைச் சண்டையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் பல் வெள்ளையாக இருக்கிறது, ஏனென்றால் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரைத் தனியாகக் குடத்தில் பிடித்து வைக்கிறேன். ஆனால் முதலில் குடியிருந்த வீட்டில் வீட்டுக்காரர் காவிரியையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், "எல்லாம் தண்ணீர்தானே" என்றார். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. கேள்வி கேட்டவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீட்டுத் தொட்டியில் எது எது விழுகிறது என்று மாடியேறிப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஆறு வயது என்கிறார். நிலைப்பற்கள் உள்ளே உருவாகிற வயது. எட்டு வயதுவரை கவனமாக இருந்தே ஆக வேண்டும்.

ஓசூர்வாசி:
பார்த்தீர்களா, உள்ளூர்க்காரரே ஒப்புக்கொள்கிறார். ஒரே தொட்டி!

தகடூரான்:
அவர் பிள்ளைகளின் பல் வெள்ளை என்று எழுதியிருப்பது உங்கள் கண்ணில் படவில்லையா? குழாய்த் தண்ணீரால் வெள்ளை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மலையடிவாரம்:
இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் தீர்ந்தது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தயவுசெய்து இதை யாரும் நம்பாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் குறையும்.

மலையடிவாரம்:
என் பாட்டி எண்பது வயது வரை காய்ச்சித்தான் குடித்தார். ஒரு குறையும் இல்லை.

தகடூரான்:
உங்கள் பாட்டி குடித்தது எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று முதலில் சொல்லுங்கள். கல் பாறையைத் துளைத்து எடுக்கும் தண்ணீரும் மேல்மட்டக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றல்ல. விவரம் தெரியாமல் இதில் நுழையாதீர்கள்.

பர்கூர் மாந்தோப்பு:
எனக்கு ஒன்று புரியவில்லை. கேட்டவர் கிருஷ்ணகிரியைப் பற்றிக் கேட்டார். தருமபுரிக்காரர் எதற்கு எங்களுக்காக வக்காலத்து வாங்குகிறார்? 2004-லேயே நாங்கள் தனி மாவட்டமாகிவிட்டோம். மாங்கூழ் ஆலை எங்களிடம், போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை எங்களிடம். 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றிப் பேச எங்களுக்குத் தெரியும்.

தகடூரான்:
மருத்துவக் கல்லூரி எங்களுக்கு 2008-லேயே வந்துவிட்டது தம்பி. அதுவரை உங்கள் நோயாளிகளைத் தாங்கியது யார்? அப்புறம், ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரம் எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தருமபுரியில் இறங்கினால் ஆட்டோவில் வீட்டுக்குப் போகலாம்.

பர்கூர் மாந்தோப்பு:
எங்களுக்கும் திருப்பத்தூரிலிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது. அதை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பறிகொடுத்த ஊரைப் பார்த்து நக்கல் பேசுகிறீர்கள். மொரப்பூர் ரயில் பாதைக்காக நீங்கள் எத்தனை வருடமாக ஏங்குகிறீர்கள் என்று ஊருக்கே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பள்ளிக்கூடம் பற்றியும், தினமும் பேருந்தில் போய்வர முடியுமா என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர்வாசி:
கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கே 50 கிலோமீட்டர். அதற்கப்புறம் மாநில எல்லையில் அத்திப்பள்ளி நெரிசல். தருமபுரி என்றால் இன்னும் 45 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கிய பிறகு வீட்டுக்கு வந்து, அது எழுமுன் கிளம்ப வேண்டும். அதற்குப் பெயர் குடும்ப வாழ்க்கையா? ஓசூரில் குளிர்ந்த காற்று, வேலைக்குப் பக்கம். தண்ணீர்ப் பயமும் இல்லை.

தகடூரான்:
தண்ணீர்ப் பயம் இல்லையா? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெங்களூருக் கழிவு முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

ஓசூர்வாசி:
அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

தகடூரான்:
அப்படி வாருங்கள்! நுரைத் தண்ணீரை நீங்கள் குடிப்பதில்லை, ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கிறீர்கள். நாங்களும் போர் தண்ணீரைக் குடிப்பதில்லை, ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கிறோம். இதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

பர்கூர் மாந்தோப்பு:
இவ்வளவு கோபம் வருவதைப் பார்த்தால் தருமபுரியில் மனை போட்டு விற்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

தகடூரான்:
என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. வெளியூரில் படித்தபோது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "காவிப் பல்லு" என்றுதான். அந்தத் திட்டத்துக்காக இந்த மாவட்டத்து ஜனங்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் தெரியுமா? தண்ணீர் வந்த பிறகும் அதே பேச்சு என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
அண்ணா, உங்கள் அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், "வந்துவிட்டது" என்று சொல்லிச் சும்மா இருக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி. வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை.

தகடூரான்:
குழாய்த் தண்ணீருக்கு எதற்கம்மா சோதனை? அது காவிரி.

ஓசூர்வாசி:
எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? காலையில் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

தகடூரான்:
உங்கள் ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? அதை நீங்கள் முதலில் எழுதுங்கள்.

பர்கூர் மாந்தோப்பு:
கிருஷ்ணகிரியைப் பற்றிக் கிருஷ்ணகிரிக்காரர்கள் பேசட்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.