1999 ஏப்ரல் 17: கவிழ்த்தது கமாங்கின் ஓட்டுதானா?

குரூப்1_மாணவி:
வணக்கம். வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது, காரணம் ஒரிசா முதல்வர் கிரிதர் கமாங் வந்து ஓட்டுப் போட்டது என்று நான் படிக்கும் குறிப்பில் இருக்கிறது. முதல்வராக இருப்பவர் மக்களவையில் எப்படி ஓட்டுப் போட்டார்? அவர் வராமல் இருந்திருந்தால் அரசு தப்பியிருக்குமா?

சட்டம்_மதுரை:
கமாங் அந்த வருடம் பிப்ரவரியில்தான் முதல்வரானார். எம்.பி. பதவியை விடவில்லை, எம்.எல்.ஏ.வும் ஆகவில்லை. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்க அரசியல் சட்டத்தின் 164(4) பிரிவு இடம் தருகிறது. ஆளும் தரப்பு ஆட்சேபித்தபோது சபாநாயகர் பாலயோகி அதை அவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். அவர் வராவிட்டால் 269-269. சமநிலை வந்தால் மட்டும் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு. பாலயோகி தெலுங்கு தேசக்காரர், அந்தக் கட்சி அரசின் பக்கம் நின்றது. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

ஓய்வு_உதவியாசிரியர்:
அன்று சனிக்கிழமை. நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தேன். மாயாவதியின் ஐந்து பேர் நடுநிலை வகிப்பார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். எதிர்த்துப் போட்டுவிட்டார்கள். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ், அரசை ஆதரிக்கச் சொன்ன கட்சியின் பேச்சை மீறி எதிர்த்தார். கட்சி அவரை நீக்கியது. இத்தனை பேர் இருக்க, பழி மட்டும் கமாங் தலையில் விழுவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பாரும்மா, கணக்கை ஒரு வருடம் முன்னால் போய்ப் பார். 1998-இல் பா.ஜ.க.வுக்கு 182 இடம்தான். அ.தி.மு.க.வின் ஆதரவுக் கடிதம் வருவதற்கே டெல்லி நாள்கணக்கில் காத்துக் கிடந்தது. மார்ச் 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் 274-க்கு 261. அதாவது ஏழு பேர் அந்தப் பக்கம் போனால் ஆட்சி போச்சு. ஜெயலலிதாவிடம் 18 பேர். ஜஸ்வந்த் சிங் போன்றவர்கள் டெல்லியிலிருந்து போயஸ் தோட்டத்துக்குத் தூது வந்தது சும்மா இல்லை. தமிழகத்தில் தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும் என்றார் ஜெயலலிதா. டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை வாஜ்பாய் அரசு நீக்கிய பிறகு அதுவும் இருவருக்கும் இடையே பிரச்சினையானது. ஏப்ரல் 14 ஆதரவு வாபஸ். மூன்றே நாளில் அந்தத் தி.மு.க.வே வாஜ்பாய்க்கு ஓட்டுப் போட்டது! அப்படியும் போதவில்லை.

மியூனிக்_தமிழ்:
ஐயா, இங்கே ஜெர்மனியில் அரசியல் சட்டம் 67-ஆவது பிரிவுப்படி, அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுத்தால்தான் நாடாளுமன்றம் இப்போதைய சான்சலரை இறக்க முடியும். 1972-இல் சான்சலர் பிராண்ட்டை இறக்கப் பார்த்த எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செலுக்கு இரண்டு ஓட்டு குறைந்தது. 1982-இல் கூட்டணிக் கட்சி அணி மாறியதும் சான்சலர் ஷ்மிட் போய் கோல் வந்தார். அந்த விதி இந்தியாவில் இருந்திருந்தால்?

ஓய்வு_உதவியாசிரியர்:
தம்பி, ஏப்ரல் 17-ஐ அது தாண்ட வைத்திருக்கும். எதிர்த்த 270 பேரும் இன்னார் பிரதமர் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாதவர்கள். 272 பேர் இருக்கிறார்கள் என்று சோனியா சொன்னார். முலாயம் சிங் மறுத்துவிட்டார். 26-ஆம் தேதி மக்களவையே கலைந்தது. கார்கில் போரை ஒரு காபந்து அரசு நடத்த வேண்டி வந்தது. இறக்கத் தெரிந்தவர்கள் அடுத்து யார் என்று யோசிக்கவில்லை, என் கோபமெல்லாம் அங்கேதான்.

ஆனால் பெரும்பான்மை இல்லாத பிரதமர் நாற்காலியில் இருந்தாலும் மசோதா நிறைவேறாதே. 1998 மார்ச்சில் கூட்டணிக்கென்று ‘தேசிய ஆட்சித் திட்டம்’ ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். சண்டை வந்தது அதில் எழுதியிருந்த எதற்காகவும் அல்ல. மாநிலக் கணக்குகள் அந்தத் தாளுக்கு வெளியே இருந்தன.

குரூப்1_மாணவி:
நன்றி ஐயா. அப்படியானால் விடைத்தாளில் கமாங் பெயரை எழுதவா, வேண்டாமா?

ஓய்வு_உதவியாசிரியர்:
எழுதும்மா. சோஸ் பெயரையும் மாயாவதியின் ஐந்து பேரையும் பக்கத்திலேயே எழுது. அதற்கு முன் அந்த 274-261-ஐ எழுது.