சிங்கப்பூரின் ஈசூனில் உடற்பயிற்சிக் கூடம்: சேரலாமா?

கேள்வி:
எனக்கு 47 வயது. வீட்டருகே உள்ள தனிப் பயிற்றுநருடன் உடற்பயிற்சி செய்யும் சிறிய கூடத்தில் வாரம் இருமுறை சேர எண்ணியுள்ளேன். ஆனால், அவர்கள் தரும் உணவுப் பட்டியலில் ஓட்ஸும் கோழி நெஞ்சுக்கறியுமே நிறைந்துள்ளன. தோசையும் சாம்பாரும் உண்டு பழகிய நான் என்ன செய்வது?

பதில் 1:
தோசையை விட வேண்டியதில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியமும், மீதிக் கால் பங்கு மீன், பருப்பு, இறைச்சி போன்ற புரத உணவும் இருக்க வேண்டும். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு உண்ணும்போதுகூடச் சோற்றைக் குறைத்து, பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். என் அனுபவத்தில், எடையைக் கூட்டியது தோசையன்று, நாளுக்கு மூன்று முறை குடித்த, பாலும் சீனியும் சேர்த்து ஆற்றிய தேநீரான தே தாரிக்தான். இப்போது பாலும் சீனியும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங் குடிக்கிறேன். முதல் வாரம் கசந்தது.

பதில் 2:
பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பதே இங்குள்ள வழிகாட்டுதல். கூடத்தில் எடை தூக்குங்கள். நடைப்பயிற்சியைப் பூங்கா இணைப்புப் பாதையில் இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தாதீர்கள். நான் சேர்ந்த கூடம் நான்காம் மாதமே மூடப்பட்டது, பணம் திரும்பவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முதலில் ஒரு மாதம் மட்டும் சேர்கிறேன்.