சுனாமி நேரத்தில் தொண்டு செய்யப் போன நர்ஸ்கள்: இன்னும் மறக்காத நோயாளி யார்?

நாகூர்க்காரி:
2004 டிசம்பர் 26 முடிஞ்ச அந்த வாரம். நர்சிங் மூணாம் வருஷம். காலேஜ் பஸ்ல நாகைக்கு ஏத்தி விட்டாங்க. வார்டு எப்படி இருந்துச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. கீச்சாங்குப்பத்து அக்கா ஒருத்தங்க, முழங்காலுக்குக் கீழ கிழிஞ்ச காயம். முதல்நாளே தையல் போட்டு மூடினதுல உள்ள மணலோட சீழ் வச்சிருச்சு. பிரிச்சுத் திறந்துவிட்டு தினம் சலைன் ஊத்திக் கழுவணும். கழுவக் கழுவ மணல் வரும். அக்கா சத்தமே போட மாட்டாங்க. ஆனா வேற யாரும் தொடக்கூடாது, "அந்த ஒல்லிப் பொண்ண வரச்சொல்லு"ம்பாங்க. ரெண்டு பிள்ளைங்களும் போயிருச்சு.

பொங்கல் தாண்டி ஒருநாள், பேண்டேஜ் சுத்தும்போது என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன திருப்பி அவுத்து விடலாமாமே பாப்பா, நெசமா?" பின்னாடி பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களுக்கு அரசாங்கமே அதை இலவசமா செஞ்சு கொடுத்துச்சு. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது பாடப் புத்தகத்துல நாலு வரி. வெட்டுனது போக கருக்குழாய் எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதைப் பொறுத்ததுக்கான்னு சொன்னேன். "எனக்கு இருக்கும்"னாங்க. அவ்வளவு உறுதியா. அந்தக் குரல் காதை விட்டுப் போகல.

பழைய_சிஸ்டர்:
முதல்நாள் தையல் போட்டவங்களைக் குறை சொல்லாதீங்கம்மா. தமிழ்நாட்டுல செத்த கிட்டத்தட்ட 8,000 பேர்ல 6,000-க்கு மேல நாகை மாவட்டம். வராண்டா பூரா ஆள் கிடந்துச்சு, ரத்தத்தை நிறுத்தினாப் போதும்னு இருந்த நேரம் அது.

எனக்குக் கல்யாண மண்டபத்து முகாம். பிள்ளைங்களுக்குத் தட்டம்மை ஊசி, வைட்டமின் ஏ சொட்டு. அக்கரைப்பேட்டை தாத்தா ஒருத்தர் தினமும் பி.பி. பார்க்க வந்து நிப்பார். நார்மல்தான் தாத்தான்னா, "இன்னொரு தரம் அமுக்குங்க". எப்பவும் இடது கை. ஒருநாள் வலதுல கட்டப் போனேன், கையை இழுத்துக்கிட்டார். "கெழவி இந்தக் கையைத்தான் புடிச்சிட்டு இருந்தா." அப்புறம் அவர் வந்தா மெதுவா பம்ப் பண்ணி, மெதுவா காத்தை விடுவேன்.

கள_அனுபவம்:
நானும் போனேன். ஒரு பையன் என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடல, வேன் கிளம்பிருச்சு. அதை விடுங்க. இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வேற ஊர்ல இருந்து போறவங்க "அடுத்த வாரம் வர்றேன்"னு வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. முகாம்ல பிள்ளைங்க வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். அலை எப்படி வந்துச்சு, அம்மாவைக் கடைசியா எங்க பார்த்தேன்னு கேட்காதீங்க. பெங்களூர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்காரங்க நாகையில தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, அதுல கத்துக்கிட்டதுதான்: அவங்களா பேசினா கேளு, நீயா தோண்டாதே. போன் நம்பர் கொடுக்காதீங்க. தொடர்ந்து வர முடியும்னா மட்டும் பழகுங்க. அன்னிக்குக் கலெக்டரா இருந்த ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போனப்புறமும் நாகை அன்னை சத்யா காப்பகத்துல இருந்த பிள்ளைங்களை வந்து பார்த்துட்டே இருந்தார். அது நம்மால ஆகுமா? ஆகாதுன்னா மருந்தைக் கட்டிட்டு நகருங்க.

மட்டுநகர்_மிஸி:
நகருங்க எண்டு லேசாச் சொல்றீங்க. எங்களுக்கு நகர்ந்து போக வேற ஊர் இல்ல. நான் இலங்கையில கல்முனைப் பக்கம். அண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு. எங்கட வீடும் போயிட்டுது, பள்ளிக்கூட முகாமில இருந்துகொண்டேதான் மருந்து கட்டினது. உப்புத்தண்ணி குடிச்சு நெஞ்சு சளி கட்டின அம்மம்மா ஒராள். ஊசி போடப் போனா கையைத் தர மாட்டா. ஆரோ அவவிட்ட என்ட வீட்டுக் கதையைச் சொல்லிப்போட்டாங்க. அடுத்தநாள் போறன், பாயைத் தட்டி விரிச்சுப்போட்டு "முதல்ல நீ இரி மகள்" எண்டா. இருமிக்கொண்டே என்ட காலை அமுக்கிவிட்டா. பிறகுதான் ஊசிக்குக் கையை நீட்டினா. ஆர் நோயாளி, ஆர் மிஸி?

தென்னங்கீற்று:
இது சுனாமி இல்ல, கஜா புயல். 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம். காயம்னா பாதி, கூரை ஷீட் மாத்த ஏறி விழுந்தவங்க, இல்லன்னா மரம் அறுக்கிற மெஷின் பட்டவங்க. ஒரு பெரியவர், பாதத்துல வெட்டு. கட்டுப் போடறவரைக்கும் விழுந்த தென்னை ஒவ்வொண்ணா சொல்லுவார், கிணத்து மேட்டு மரம், மாட்டுக் கொட்டகை மரம், எது இளநீருக்கு, எது எண்ணெய்க்குன்னு. மனுஷங்களைச் சொல்ற மாதிரியே இருக்கும். கிளம்பும்போது நம்பர் கேட்டார், கொடுத்தேன். போன பொங்கலுக்குக் கூப்பிட்டு, மறுபடி வச்ச கன்னு பாளை விட்டிருச்சுன்னார். நம்பர் கொடுக்காதேன்னு சொல்ற சார் கவனிக்கணும்.

கள_அனுபவம்:
சார் இல்ல, மேடம். நான் சொன்னது முகாம்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு. தென்னந்தோப்பு வச்சிருக்கிற பெரியவருக்கு இல்ல. மேல போய் இன்னொரு தடவை படிங்க.