ஹிரோஷிகேயின் 'செபா' படம்: எந்தக் காலத்து மறுபதிப்பு?

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் டோக்கியோ போனபோது ஜிம்போச்சோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் மரக்கட்டை அச்சுப்படம் ஒன்று வாங்கினேன். ஜப்பானின் பழைய கிசோகைதோ நெடுஞ்சாலையின் 69 தங்கல் ஊர்களை வைத்து ஓவியர்கள் ஹிரோஷிகேயும் எய்சென்னும் 1830களில் தொடங்கிய வரிசையில் வரும் 'செபா'. நாராய் ஆற்றில் விறகுப் படகும் தெப்பமும் போகின்றன. காற்றில் சாய்ந்த வில்லோ கிளைகளுக்குப் பின்னால் முழுநிலா. படகுக்காரனின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

நான் கொடுத்த விலைக்கு அசல் கிடைக்காது என்பது தெரியும், அந்த அளவுக்கு ஏமாளி இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஆப்செட் இயந்திர அச்சின் புள்ளிகள் இல்லை. பின்புறம் ஆற்றின் நீலம் ஊறியிருக்கிறது. பாரென் (தாளைக் கட்டைமேல் அழுத்தித் தேய்க்கும் வட்டத் தட்டு) தேய்த்த வட்டத் தடங்களும் மங்கலாகத் தெரிகின்றன. ஆக, கையால் அச்சிட்டதுதான். ஆனால் கட்டையை மறுபடி செதுக்கியது மெய்ஜி காலத்திலா (1868–1912), அதற்குப் பிந்திய 20ஆம் நூற்றாண்டிலா? தாள் சந்தேகப்படும்படி வெளுப்பாக இருக்கிறது. பொகாஷி என்னும், படிப்படியாக மங்கும் வண்ணச் சாயலும் நிலாவைச் சுற்றிச் சற்று முரடாக முடிகிறது.

இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிறிய எழுத்துகள் உள்ளன, பதிப்பாளர் பெயராக இருக்கலாம். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் இணைத்துள்ள படத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

இன்னொன்று: யாரோ மேல் ஓரத்தில் செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பசை மஞ்சளாகிவிட்டது. இதை நானே எடுக்க முயலலாமா, தொடாமல் விட்டுவிடுவது நல்லதா?