பீப்பாய்த் தொட்டியா, தழைக்கட்டா?

கரிசல்பட்டி (தூத்துக்குடி மாவட்டம்):
18 கன்னி இன ஆடுகள் வைத்திருக்கிறேன். 200 லிட்டர் நீலப் பீப்பாய்கள் இரண்டை நீளவாக்கில் அறுத்து நான்கு தீவனத் தொட்டிகள் செய்துவிட்டேன். அறுத்த விளிம்பு வாயைக் கிழிக்கும் என்பதால், பழைய ரப்பர் குழாயை நெடுகக் கீறி விளிம்பு முழுக்கச் செருகியிருக்கிறேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால் அடித்து நிறுத்தியாயிற்று. இதுவரை அகத்தியைத் தரையில்தான் போட்டேன், பாதி வீண். மிதிபட்ட தழையை ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். எல்லோரும் தொட்டிக்கு மாறுங்கள்.

வேம்படி:
அண்ணாச்சி, தரையில் போட்டது தவறுதான். அதற்குத் தொட்டி மருந்தல்ல. ஆடு, மாட்டைப் போலக் குனிந்தே மேய்கிற பிராணி அல்ல. பின்னங்காலை ஊன்றி எக்கி, வேலியில் கொழுந்தை உருவித் தின்பது அதன் பிறவிக் குணம். உத்தரத்தில் தழையைக் கட்டாகத் தொங்கவிட்டால் குச்சி மட்டும்தான் மிஞ்சும். தொட்டி வைத்தால் குட்டிகள் ஏறிப் படுக்கும், அதிலேயே புழுக்கை போடும். அந்தத் தீவனத்தைத் தின்றால் ரத்தக்கழிச்சல் வராமல் என்ன செய்யும்? போன ஆண்டு நான் இரண்டு குட்டிகளைப் புதைத்தது இப்படித்தான்.

கரிசல்பட்டி:
குட்டிகள் போனதைக் கேட்க மனம் கஷ்டப்படுகிறது, தம்பி. அதற்குத்தான் தொட்டியின் நடுவாக, ஒரு சாண் உயரத்தில், நெடுக ஓர் இரும்புக் குழாய் கட்டியிருக்கிறேன். குட்டி ஏறினாலும் நிற்க முடியாது. தரையில் போடுவதற்கு முன்பு நானும் தழைக்கட்டு தொங்கவிட்டவன்தான். என் பெட்டை ஒன்று கயிற்றுக் கண்ணிக்குள் கழுத்தை விட்டுத் திருகிக்கொண்டது. நான் அரிவாளோடு ஓடியதால் பிழைத்தது. அதோடு, கடலைக்கொடியையும் தவிட்டையும் எப்படித் தொங்கவிடுவீர்கள்?

பரண்கொட்டகை:
அண்ணா, முதலில் ஒன்று: பீப்பாயில் முன்பு என்ன இருந்தது? பூச்சிமருந்தோ அமிலமோ இருந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அதில் தீவனம் போடக் கூடாது.

அடுத்தது கணக்கு. வளர்ந்த ஆடு ஒன்றுக்குத் தொட்டி ஓரத்தில் 40 முதல் 50 செ.மீ. இடம் வேண்டும். உங்கள் அரைப் பீப்பாயின் நீளம் ஏறக்குறைய 3 அடி. பக்கத்துக்கு இரண்டு, இருபுறமும் நான்கு. நான்கு தொட்டிக்கு 16. மிச்சம் இரண்டு எவை? இளைத்த பெட்டையும், முதல் ஈற்று இளம் பெட்டையும். என் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். மற்றவை தின்று ஒதுங்கும்வரை அவை சுவரோரம் நிற்கும். பிறகு வந்து வாய் வைத்தால் காம்புதான் கிடக்கும். சினையாக இருந்தால் அந்தப் பட்டினி வயிற்றுக் குட்டியையும் வாட்டும்.

வேம்படி:
நான் சொல்வதும் இதுதான், அக்கா. கட்டுகளை நான்கு மூலையிலும் தொங்கவிட்டால் நோஞ்சானுக்கும் ஒரு மூலை கிடைக்கும். கண்ணி ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கண்ணியே விடுவதில்லை, கட்டை இறுக்கிக் கொக்கியில் மாட்டுகிறேன். தவிட்டுக்கும் கடலைக்கொடிக்கும் தொட்டி இருக்கட்டும். பச்சைத்தழைக்கு வேண்டாம்.

கரிசல்பட்டி:
ஊறுகாய் வந்த பீப்பாய்கள், தங்கச்சி. நெடி போகும்வரை மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். கணக்கைத்தான் நான் போடவில்லை. இன்று மாலை தீவனம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தேன். காது கிழிந்த கிழப் பெட்டை இருமுறை தலையை நீட்டியது. இருமுறையும் கிடாய் முட்டித் தள்ளியது. அது முனகக்கூட இல்லை, போய்த் தூணோரம் நின்றுகொண்டது. இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. நாளை இன்னொரு பீப்பாய் வாங்கி அறுத்து, கிடாயின் கண்ணில் படாத மறுகோடியில் வைப்பேன். ஆனால் தம்பி, பச்சைத்தழையும் அதில்தான் விழும்.