ஜெபம் வராத நிலையில் சபையில் எப்படித் தொடர்வது?

மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் நான், மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பாடசாலையில் படித்து, பின்னர் அங்கேயே கற்பித்தும் வந்தவள். கடந்த ஆண்டு என் தம்பி சிறுநீரக நோயால் இறந்ததிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. கடவுள் இல்லை என்று நான் முடிவுசெய்துவிடவில்லை. ஆனால் கர்த்தருடைய ஜெபத்தைச் சபையோடு சேர்ந்து தொடங்கினால், "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் வாய் அடைத்துப்போகிறது, மற்றவர்கள் முடிக்கும்வரை பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளும் பலியானபோது இதே கேள்விகள் எழுந்தன. அன்று ஊரே சேர்ந்து அழுததால் தாங்க முடிந்தது போலும்.

போதகரிடம் பேசினேன், பொறுமையாகக் கேட்டு, உபவாசம் இருக்கச் சொன்னார், இருந்தேன். வேதாகமத்தில், பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் புத்தகத்தை முழுவதும் வாசித்தேன், ஆனால் கடைசியில் அவருக்கு மீண்டும் பத்துப் பிள்ளைகள் கிடைப்பது இறந்த பிள்ளைகளுக்கு எப்படி ஈடாகும் என்று எனக்கு விளங்கவில்லை. இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதம் மட்டுமே என் நிலையைச் சொல்வதாகத் தோன்றுகிறது. ஒரு ஜெபக்குழுவில் இதை "விசுவாசக் குறைவு" என்றார்கள். அங்கே போவதை நிறுத்திவிட்டேன். நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் சீராகவே உள்ளன, மருத்துவரும் பார்த்துவிட்டார். ஆகவே மருத்துவரைப் பாருங்கள் என்ற ஆலோசனை வேண்டியதில்லை.

மட்டக்களப்பிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ இதே நிலையைக் கடந்து சபையிலேயே நிலைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: ஜெபம் வராத அந்த மாதங்களில், ஞாயிறு ஆராதனையில் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்?