பத்தாம் வகுப்புக்குப் பிறகு அரசுப் பள்ளியை விட்டு மாற்றலாமா?

காங்கேயத்திலிருந்து ஒரு தந்தை:
வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 500-க்கு 452 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். பொறியியல் படிப்பது அவள் விருப்பம். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்தால்தான் நல்ல கல்லூரி கிடைக்கும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நான் தேங்காய்க் களத்தில் வேலை செய்பவன். மாடுகளை விற்றுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். இதற்கிடையே, கவுன்சிலிங்கில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து 30 ஆயிரம் முன்பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

கோபியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
ஐயா, மாடுகளை விற்க வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை முழுவதும் போய்விடும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் படிக்கும்போது கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதோடு போகும். இதை அறியாமல் பிள்ளையை மாற்றிவிட்டுப் பிறகு கலங்கிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வு இல்லாததால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து 50, 50 என்று சேர்ந்து மொத்தம் 200 ஆகும். கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 88 எடுத்தால், தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் மதிப்பெண் 92, 43, 44 கூடி 179. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம் என்பதால், டியூஷனுக்குப் பணம் இருந்தால் முதலில் கணிதத்துக்கே செலவிடுங்கள். அதிலும், இரவு ஒன்பது மணிக்குப் பேருந்தில் திரும்ப வேண்டியிருக்கும் வகுப்பைவிட, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போட வைக்கும் பக்கத்து ஊர் ஆசிரியர் மேல்.

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி:
அண்ணா, அந்த முன்பணத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். 2018 முதல் கவுன்சிலிங் முழுக்க இணையவழியில் நடக்கிறது. தரவரிசைப்படி, நாம் எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசையைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்கப்படுகிறது, இடையில் எந்த ஆளும் இடம் வாங்கித் தர முடியாது. விண்ணப்பிக்கத் தெரியவில்லையென்றால் மாவட்டந்தோறும் சேர்க்கை உதவி மையங்கள் இருக்கின்றன. எனக்கு விருப்ப வரிசை போட்டுத் தருவதாகச் சொன்னவர், கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு தனக்கு வேண்டிய கல்லூரிகளை மேலே ஏற்றியிருந்தார். வரிசையை மாற்ற முடியாதபடி பூட்டுவதற்கு முந்தைய இரவு அப்பா கவனித்ததால் தப்பித்தேன். கடவுச்சொல் உங்கள் மகளிடம் மட்டும் இருக்கட்டும். கிடைக்காது என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளவும் வேண்டாம். மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை.

காங்கேயம் தந்தை:
இருவருக்கும் நன்றி. அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். கணிதத்தோடு கணினி எடுப்பதா, உயிரியல் எடுப்பதா?

கணித ஆசிரியர்:
பொறியியலுக்கு இரண்டும் செல்லும். உயிரியல் எடுத்தால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாசலும் திறந்திருக்கும். மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.